கடைப் பதத்தில் வீட்டு டீ: சாயம் தனி, பால் தனி

பல வீடுகளில் டீ ஒரே பாத்திரத்தில்தான் தயாராகிறது. பால், தண்ணீர், டீத்தூள், சர்க்கரை எல்லாம் ஒன்றாகக் கொதித்து, இரண்டு தடவை பொங்கி, வடிகட்டி வழியாகக் கிளாஸுக்கு வந்துவிடும். குடிக்கலாம். ஆனால் டீக்கடை கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதே வரும் மணமும், முதல் மடக்கு இறங்கிய பிறகு நாக்கில் நிற்கும் துவர்ப்பும் அதில் இருக்காது. உடனே தூளைக் குறை சொல்லி பிராண்டை மாற்றுவார்கள். அடுத்த மாதம் இன்னொரு பிராண்டு. டீ மட்டும் அப்படியே இருக்கும்.

காரணம் தூள் இல்லை, முறை. கடையில் சாயத்தையும் பாலையும் சேர்த்துக் கொதிக்க விடுவதே கிடையாது. சாயம் தனியாக இறங்கும், பால் தனியாகக் காயும், இரண்டும் சந்திக்கும் இடம் கிளாஸ்தான். பாலுக்குள் தூளைப் போட்டால் பாலின் கொழுப்பும் புரதமும் தூளைச் சூழ்ந்துகொள்ளும், சாயம் சரியாக இறங்காது. இறங்கவில்லையே என்று இன்னும் ஐந்து நிமிடம் கொதிக்க விடுவோம். அதற்குள் மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் வந்து சேரும். நிறம் கிடைத்த நேரத்தில் ருசி போயிருக்கும்.

துவர்ப்பு வேறு, கசப்பு வேறு. நல்ல டீயில் துவர்ப்பு இருக்கவே வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் லேசாக இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வு அது. பாலும் சர்க்கரையும் சேரும்போது அந்தத் துவர்ப்புதான் டீயைத் தூக்கிக் கொடுக்கும். கசப்பு தொண்டையில் தங்குவது. அது வந்துவிட்டால் சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் போகாது.

நான்கு கிளாஸுக்கு அளவு

டீக்கடை கிளாஸில் 120 மில்லி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்குத் தேவையானவை: தண்ணீர் 250 மில்லி, டஸ்ட் டீத்தூள் தலை தட்டிய 4 டீஸ்பூன் (ஏறக்குறைய 11-12 கிராம்), தண்ணீர் கலக்காத பால் 350 மில்லி, சர்க்கரை தலை தட்டிய 8 டீஸ்பூன் (ஏறக்குறைய 32 கிராம்).

இந்த 250 மில்லி தண்ணீரில் தூள் குடித்தது, ஆவியானது எல்லாம் போக 180 மில்லி சாயம் கிடைக்கும். 350 மில்லி பால் சுண்டி 300 ஆகும். ஆக, மூன்று பங்கு சாயத்துக்கு ஐந்து பங்கு பால். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் எத்தனை பேருக்கும் போடலாம். ஸ்ட்ராங்காக வேண்டும் என்பவருக்குச் சாயத்தைக் கூட்டிப் பாலைக் குறைக்க வேண்டும். அதற்காகத் தூளை அதிக நேரம் கொதிக்க விடக் கூடாது. லைட் கேட்பவருக்கு இதைத் திருப்பிச் செய்ய வேண்டும். கடையில் 'ஸ்ட்ராங்', 'மீடியம்', 'லைட்' என்று ஒரே சாயத்திலிருந்து மூன்று டீ வருவது இப்படித்தான். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று ருசி இருந்தாலும் அடுப்பில் மூன்று பாத்திரம் வைக்க வேண்டியதில்லை.

தூள்

பாலில் கலந்து குடிக்கும் டீக்கு டஸ்ட் தூள்தான் சரி. டஸ்ட் என்றதும் கடைசியில் கூட்டி அள்ளிய குப்பை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரத்திலிருந்து வரும் குருணைகளைச் சல்லடையில் அளவு வாரியாகப் பிரிப்பார்கள். பெரிய குருணை லீஃப், மிகச் சிறியது டஸ்ட். இரண்டும் ஒரே இலைதான். 1930-களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் உருவாக்கிய இயந்திரம் அது. இன்று நம் நாட்டில் விளையும் டீயில் பெரும்பகுதி அந்த வழியில்தான் வருகிறது. குருணை சிறிதாக இருந்தால் சாயம் சீக்கிரம் இறங்கும். டஸ்ட்டுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், லீஃபுக்கு ஐந்தாறு நிமிடம் வேண்டும். டஸ்ட் வாங்கி லீஃபுக்கான நேரம் கொதிக்க விட்டால் கசக்காமல் என்ன செய்யும்?

நீலகிரித் தூளில் மணமும் பளிச்சென்ற நிறமும் இருக்கும். அசாம் தூளில் அடர்த்தியும் கருஞ்சிவப்பும் இருக்கும். நீலகிரி டஸ்ட் இரண்டு பங்கு, அசாம் சி.டி.சி. ஒரு பங்கு கலந்து வைத்தால் பால் டீக்கு அருமையாக இருக்கும். தமிழ்நாட்டில் நீலகிரித் தூள் கிடைப்பதில் சிரமம் இல்லை. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ட்கோசர்வ், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையம். ஊட்டி டீ அவர்களுடையதுதான். டான்டீ தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வாழ்வாதாரம் தருவதற்காக வளர்ந்த தோட்டங்கள் அவை.

ஆர்த்தடாக்ஸ் என்று விற்கும் முழு இலைத் தேயிலையைப் பாலுக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் மணம் மெல்லியது, பால் பட்டதும் அடங்கிவிடும். கொடுத்த விலை வீண். அதை வெறும் சாயமாகக் குடிக்க வேண்டும்.

உதிரியாகத் தூள் வாங்கினால் கலப்படம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி, தாள் நனையும்படி தண்ணீர் தெளியுங்கள். தூளை அகற்றிவிட்டுத் தாளைக் குழாயடியில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தூளாக இருந்தால் கறை நிற்காது. சாயம் ஏற்றிய தூளாக இருந்தால் கறுப்பும் பழுப்புமாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் கிளாஸில் ஒரு சிட்டிகை தூவினாலும் தெரியும்: நல்ல தூள் மெதுவாகத்தான் நிறம் விடும், போட்டவுடன் சிவப்புக் கோடுகளாக ஓடி இறங்கினால் அதை வாங்க வேண்டாம்.

தூளுக்கு மூக்கு உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், மசாலா இருக்கும் தட்டில் டீத்தூள் டப்பாவை வைக்காதீர்கள். ஈரக் கரண்டி படக் கூடாது, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியும் ஆகாது. இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பா போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கிலோ வாங்கி வைப்பதைவிட, 250 கிராமாக வாங்கித் தீர்ந்ததும் அடுத்தது வாங்குவது மேல். பழைய தூளில் நிறம் வரும், மணம் வராது.

தண்ணீர்

டீயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர்தான். ஆனாலும் அதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. போர் தண்ணீரில் போட்ட டீ மங்கலாக, சாம்பல் பூத்த பழுப்பாக இருக்கும். ஆறும்போது மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதக்கும், கிளாஸ் ஓரத்தில் பழுப்பு வளையம் ஒட்டும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து தேயிலையின் சாயப் பொருளோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. பால் ஆடை என்று நினைத்து விட்டுவிடுகிறோம். பால் கலக்காத வெறும் சாயத்திலும் அது மிதந்தால் தண்ணீர்தான் காரணம் என்று உறுதி செய்துகொள்ளலாம். அப்படிப்பட்ட வீட்டில் டீக்கு மட்டுமாவது கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கவலை இல்லை.

ஏற்கெனவே கொதித்து ஆறிய தண்ணீரைத் திரும்பக் கொதிக்க வைக்காமல், ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

சாயம் இறக்குவது

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஓரத்தில் சின்னக் குமிழி வரும்போதே அவசரப்பட்டுத் தூளைப் போட்டால் சாயம் பாதிதான் இறங்கும். நன்றாகக் கொதித்ததும் தீயைக் குறைத்து, தூளைப் பரவலாகத் தூவுங்கள். ஒரே இடத்தில் கொட்டினால் உள்ளே உலர்ந்த உருண்டையாக நின்றுவிடும். ஒரு தடவை கிளறி, சிறு தீயில் ஒரு நிமிடம். அடுப்பை அணைத்து மூடி போட்டு, மூன்று நிமிடம். அவ்வளவுதான்.

மூடி அவசியம். மணம் அந்த மூன்று நிமிடத்தில்தான் தண்ணீருக்குள் தங்குகிறது. மூடியைத் திறந்ததும் அடுக்களை முழுக்க மணக்கிறது என்றால் அது நல்லதுதான். மூடாமலே மணக்கிறது என்றால் கிளாஸுக்குப் போக வேண்டியது கூரைக்குப் போகிறது.

இப்போது தூளைப் பாருங்கள். போடும்போது கருப்பாக, மணல் போல இருந்தது, இப்போது உப்பிச் செம்பழுப்பாகி அடியில் படிந்திருக்கும். மேலே இன்னும் மிதந்தால் அரை நிமிடம் பொறுங்கள். படிந்ததும் வடித்துவிட வேண்டும். பாத்திரத்திலேயே விட்டுவிட்டுப் பால் காயக் காத்திருந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். வடித்த சாயத்தை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவும் வேண்டாம். பக்கத்தில் மூடி வைத்தால் போதும்.

சரியான சாயம் எப்படி இருக்கும்? கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், நடுவில் கருஞ்சிவப்பாகவும் விளிம்பில் பொன்னிறமாகவும் தெரிய வேண்டும். விளிம்பில்கூட அடர் பழுப்பாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் அதிகம் கொதித்துவிட்டது. நல்ல கெட்டிச் சாயம் ஆறும்போது கலங்கலாகும். கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம். தேயிலையின் துவர்ப்புப் பொருளும் காஃபினும் குளிரில் சேர்ந்து திரள்வதால் வருவது அது, சூடாக்கினால் தெளிந்துவிடும். சாயம் கெட்டியாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

கடைக்காரரைப் போலத் துணி வைத்து இறக்க ஆசைப்பட்டால், வாய் அகன்ற வளையத்தில் நீளமாகத் தைத்த பருத்தித் துணிப் பை கடைகளில் கிடைக்கும். கெட்டியான மல் துணியில் வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். புதுத் துணியில் கஞ்சி வாசனை இருக்கும். ஒரு கைப்பிடி பழைய டீத்தூளோடு பத்து நிமிடம் கொதிக்க வைத்து அலசிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும். தூளைத் துணியில் போட்டு, ஒரு குவளைக்குள் இறக்கி, கொதிக்கும் தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். கீழே இறங்கிய சாயத்தை எடுத்துத் திரும்பவும் அதே தூளின் மேல் இரண்டு முறை ஊற்றினால் கெட்டியான சாயம் கிடைக்கும். மேலே ஊற்றும்போது துணியைக் கையால் பிழியக் கூடாது. பிழிந்தால் தூசியும் கசப்பும் சேர்ந்து வரும். வேலை முடிந்ததும் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஈரமாக மடித்து வைத்தால் மறுநாள் டீ முழுக்கப் புழுங்கிய வாடை அடிக்கும். பிளாஸ்டிக் வடிகட்டியில் டஸ்ட் நழுவிவிடும். துணி இல்லாத வீட்டில் நெருக்கமான எவர்சில்வர் வலை வாங்குங்கள்.

பால்

பாக்கெட் பாலில் நிறத்தைப் பார்த்து எடுங்கள். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, நீலம் 3. டீக்கு ஆரஞ்சு சிறந்தது, பச்சை பரவாயில்லை. நீலம்தான் வீட்டில் இருக்கிறது என்றால் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்காமல் கொஞ்சம் அதிகம் சுண்ட விடுங்கள். பாலில் தண்ணீர் விட்டு, சாயத்திலும் தண்ணீர் இருந்தால் கழனித் தண்ணீர் மாதிரிதான் வரும்.

பாத்திரத்தைத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் அப்படியே பாலை ஊற்றினால் அடி பிடிப்பது குறையும். பொங்கியதும் தீயைக் குறைத்து, அடிக்கடி கிளறி, ஏழெட்டு நிமிடம் காய விடுங்கள். கடையில் பால் சட்டி காலையிலிருந்து சிறு தீயில் கிடப்பதால்தான் அந்தப் பாலுக்கு லேசான பால்கோவா மணம் வந்துவிடுகிறது. நம் ஏழெட்டு நிமிடத்தில் அதில் பாதியாவது கிடைக்கும். ஆடை படிந்தால் கிளறிச் சேர்த்துவிடுங்கள். ஆடை பிடிக்காத ஆள் வீட்டில் இருந்தால் அவர் கிளாஸுக்கு மட்டும் வடிகட்டி ஊற்றலாம்.

கலக்கும் நேரத்தில் பால் கொதி நிலையில் இருக்க வேண்டும். ஆறிய பாலில் சூடான சாயத்தை ஊற்றினால் பச்சைப் பால் வாசனை மேலே நிற்கும். அப்புறம் சூடாக்கலாம் என்று கலந்த டீயை அடுப்பில் ஏற்றினால், முதலில் எதை வேண்டாம் என்றோமோ அதையே செய்கிறோம்.

இனிப்பு

இனிப்பு டீயில் சர்க்கரை வெறும் இனிப்புக்காக மட்டும் இல்லை. துவர்ப்பை உருட்டி மென்மையாக்குவது அதுதான். கிளாஸுக்கு தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் என்பது கடை அளவுக்கு அருகில் வரும். 'சுகர் கம்மி' என்றால் ஒன்று. அதற்குக் கீழே போகிறவர்கள் சாயத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் துவர்ப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். சர்க்கரையே இல்லாமல் குடிக்கிறவருக்கு வழக்கமாக ஊற்றும் சாயத்தில் பாதி, மீதி பால் என்று போட்டுக் கொடுங்கள். பாலின் இயல்பான இனிப்பே போதுமானதாக இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே இனிப்பு என்றால் சர்க்கரையை வடித்த சூடான சாயத்தில் போட்டுக் கரைத்துவிடுங்கள். கிளாஸின் அடியில் மூன்றில் ஒரு பங்கு கரையாமல் தங்கி, கடைசி மடக்கு பாகாகும் தொல்லை இருக்காது. ஆளுக்கு ஆள் மாறினால் கிளாஸில் சர்க்கரை, அதன் மேல் சாயம், ஒரு கலக்கு, பிறகு பால். பாலோடு சேர்த்துச் சர்க்கரையைக் கொதிக்க விடுவது நல்லதல்ல. அடியில் ஒட்டித் தீயும், அந்தத் தீய்ந்த வாடை மொத்தப் பாலுக்கும் ஏறிவிடும்.

சூட்டோடு பார்த்தால் ஒரு இனிப்பு, ஆறினால் ஒரு இனிப்பு என்று நாக்கு ஏமாற்றும். அடுப்பருகில் ருசி பார்த்துச் சர்க்கரை போட்டால் பெரும்பாலும் கூடிப்போகும். குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிய பிறகு பார்த்தால்தான் சரியான கணக்கு தெரியும்.

நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு பயம், பால் திரிந்துவிடுவது. இரண்டிலும் லேசான புளிப்புத் தன்மையும் உப்புகளும் உண்டு, கொதிக்கும் பாலில் அவை பட்டால் பால் உடைந்துவிடும். அதிலும் பழைய, ஈரம் ஏறிய கட்டியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே கருப்பட்டியை எப்போதும் சாயத்தின் பக்கம் சேருங்கள். நான்கு கிளாஸுக்கு 45 கிராம் கருப்பட்டியைத் தட்டி, சாயத்துக்கு வைக்கும் தண்ணீரிலேயே முதலில் கொதிக்க விட்டு, மண் வடிகட்டி, பிறகு அதே தண்ணீரில் தூளைப் போடலாம். பாலை அடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிடம் கழித்து, கிளாஸில் பாலின் மேல் சாயத்தை மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். கலந்த பிறகு அடுப்பில் வைக்கக் கூடாது. உடன்குடிக் கருப்பட்டியாக இருந்தால் ஏலக்காய், இஞ்சி எதுவும் வேண்டாம். அதன் புகை மணமே போதும். பனங்கற்கண்டு பாலோடு இன்னும் இணக்கமாகப் போகும், ஆனால் கரைய நேரம் எடுக்கும் என்பதால் பொடித்துப் போடுங்கள்.

இஞ்சி, ஏலக்காய்

பச்சை இஞ்சியில் பாலைத் திரட்டும் நொதி ஒன்று இருக்கிறது. சீனாவின் குவாங்டாங் பகுதியில் சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றிப் புட்டு போல உறைய வைத்துச் சாப்பிடுவதே இதை வைத்துத்தான். அந்த நொதி கொதியில் செயலிழந்துவிடும். நசுக்கிய இஞ்சியை நேராகப் பாலில் போட்டால் திரிவதும், தண்ணீரில் மூன்று நிமிடம் கொதிக்க விட்டால் திரியாததும் இதனால்தான். நான்கு கிளாஸுக்குக் கட்டைவிரல் நுனி அளவு, பத்து கிராமுக்குள். தோலைச் சுரண்டிவிட்டு உரலில் ஒரே தட்டு தட்டினால் போதும். விழுதாக அரைத்தால் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், காரமும் மிஞ்சும்.

ஏலக்காயை இஞ்சிக்கு நேர்மாறாகக் கையாள வேண்டும். கொதித்தால் அதன் மணம் பறந்துவிடும். இரண்டு காயைத் தோலோடு கொஞ்சம் சர்க்கரை சேர்த்து நுணுக்கி, தூளைப் போட்டு அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேர்த்து மூடுங்கள். இஞ்சி, ஏலம், சுக்கு, மிளகு, பட்டை என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் டீ மசாலாக் கஷாயம் ஆகிவிடும். ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

ஆற்றுவது

டீ மாஸ்டர் கையைத் தூக்கி ஊற்றுவது வேடிக்கைக்கு அல்ல. உயரத்திலிருந்து விழும்போது சர்க்கரை முழுசாகக் கரைகிறது, பாலும் சாயமும் ஒன்றாகின்றன, காற்று கலந்து நுரை கட்டுகிறது, சூடு குடிக்கும் பதத்துக்கு இறங்குகிறது. வீட்டில் கைப்பிடி உள்ள இரண்டு குவளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் கலந்ததைக் குவளைக்கு மாற்றி, ஒரு அடி உயரத்தில் தொடங்கி மூன்று அல்லது நான்கு தடவை ஆற்றினால் போதும். ஊற்றும் கை மட்டும் உயர வேண்டும். கீழே உள்ள கை இடுப்பருகே அசையாமல் நிற்கட்டும். பார்வை மேல் குவளையில் இருக்க வேண்டாம், விழும் இடத்தில் இருக்கட்டும். பழக்கம் இல்லாதவர்கள் முதலில் பச்சைத் தண்ணீரில் பழகுங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது கொதி டீயில் பழக வேண்டாம்.

சூடு சூடாக இறக்குவதைப் பெருமையாகப் பலர் நினைக்கிறார்கள். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களைக் குடிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் வகைப்படுத்தியது; உணவுக்குழாய்தான் பாதிக்கப்படும் இடம். கிளாஸின் விளிம்பை மட்டும்தான் பிடிக்க முடிகிறது, நடுவில் விரல் வைக்க முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு தடவை ஆற்றுங்கள்.

சரியாக வராதபோது

நிறம் இருக்கிறது, மணம் இல்லை: தூள் பழசு, அல்லது மூடாமல் கொதிக்க விட்டிருக்கிறீர்கள். கசக்கிறது: வடிக்கத் தாமதம், அல்லது வடிகட்டியில் கரண்டியால் அழுத்தியிருக்கிறீர்கள். தூளை அழுத்துவது பலருக்குக் கைப்பழக்கம், அதை விட்டாலே பாதிக் கசப்பு போய்விடும். வெளுத்துப் போய் ருசியற்று இருக்கிறது: தூளைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். கிளாஸின் அடியில் வண்டல்: வலை பெரிது. பால் திரிந்தது: இஞ்சி, கருப்பட்டி இரண்டும் இல்லாமலே திரிந்தால் பால்தான் பழசு. சிறு கரண்டியில் தனியாகக் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள்.

நிறத்துக்காகச் சோடா உப்பு ஒரு சிட்டிகை போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சாயம் நொடியில் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் துவர்ப்பு செத்து, வாய் வழுவழுக்கும். அது வேண்டவே வேண்டாம்.

பால் இல்லாமல்

இலங்கை மலையகத்தில் சாயத்தண்ணியும் யாழ்ப்பாணத்தில் பிளேன்ரீயும் பாலில்லா இனிப்புத் தேத்தண்ணிதான். இதற்கு டஸ்ட் வேண்டாம், சற்றுப் பெரிய குருணை அல்லது இலங்கைத் தேயிலை நன்றாக இருக்கும். ஒரு கிளாஸுக்கு 150 மில்லி கொதிநீர், முக்கால் டீஸ்பூன் தேயிலை, மூடி போட்டு மூன்று நிமிடம், சீனி ஒன்றரை டீஸ்பூன். கொதிக்க விடக் கூடாது, ஊற வைப்பதுதான். சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வைத்து, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்று குடிப்பதும் அங்கே வழக்கம். சீனி குறைவாகவே செலவாகும், இனிப்பு முழுதாகத் தெரியும். எலுமிச்சை பிழிந்தால் சாயம் சட்டென்று வெளுத்துப் பொன்னிறமாகும், புளிப்பினால் வரும் மாற்றம்தான் அது. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள், கொதியில் பட்டால் கசக்கும்.

கூட்டத்துக்கும் பிளாஸ்க்குக்கும்

இருபத்தைந்து பேருக்குச் சிறு கிளாஸில், தலைக்கு 100 மில்லி என்றால், பால் ஒன்றே முக்கால் லிட்டர், தண்ணீர் ஒன்றேகால் லிட்டர், டஸ்ட் தூள் 55 கிராம், சர்க்கரை 170 கிராம். பெரிய பாத்திரம் சூட்டை நெடுநேரம் வைத்துக்கொள்வதால் தூள் நான்கு கிளாஸ் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே போதும். தண்ணீரும் அவ்வளவாக ஆவியாகாது. பாலுக்கு அடி கனமான பாத்திரமும், கிளற ஒரு ஆளும் வேண்டும். இந்த அளவில் அடி பிடித்தால் மொத்தமும் போய்விடும்.

கலந்த டீயைப் பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் ஒரு மணி நேரத்தில் நிறம் மங்கி, வெந்த பால் வாடை வந்துவிடும். சர்க்கரை கரைத்த சாயம் ஒரு பிளாஸ்க்கிலும், பால் இன்னொன்றிலும் வைத்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். ஊற்றுவதற்கு முன் பிளாஸ்க்கைக் கொதிநீரால் ஒரு தடவை அலசிக் கொட்டிவிடுங்கள். ஆள் வர வர மூன்றுக்கு ஐந்து என்று கலந்து, ஒரு ஆற்று ஆற்றிக் கொடுக்கலாம். கடைசியாக வருகிறவருக்கும் முதல் கிளாஸின் ருசியே கிடைக்கும்.